ஒரே புரதம், ஒரே அளவு, வேறு இடம்: சமிக்ஞைப் புரதங்கள் செல்லுக்குள் எங்கே இருக்கின்றன என்பதை எப்படிப் படிப்பது?

கேள்வி இதுதான்: நலமான திசுவையும் கட்டித் திசுவையும் எடுத்து வெஸ்டர்ன் பிளாட் (செல்லை உடைத்து ஒரு புரதத்தின் அளவைப் பட்டையாகக் காட்டும் சோதனை) போட்டால், ஒரு சமிக்ஞைப் புரதத்தின் பட்டை இரண்டிலும் ஏறக்குறைய ஒரே கனத்தில் வருகிறது. செல்கள் நடந்துகொள்ளும் விதமோ முற்றிலும் வேறு. புரதம் செல்லுக்குள் இருக்கும் இடம் காரணமாக இருக்குமா? இருந்தால் அதை எப்படி உறுதி செய்வது?

இருக்கலாம். பல நோய்களில் அதுதான் காரணமே. பிளாட்டுக்காகச் செல்லை உடைத்ததுமே சவ்வில் இருந்ததும் உட்கருவில் இருந்ததும் ஒரே கரைசலில் கலந்துவிடுகின்றன. பிறகு வரும் பட்டை எவ்வளவு இருந்தது என்று மட்டும் சொல்லும். சமிக்ஞைப் புரதங்களுக்கு இது பாதித் தகவல்தான். அவை யாருடைய பக்கத்தில் நிற்கின்றன என்பதைப் பொறுத்தே அவற்றின் வேலை மாறும்.

முதலில் ஒரு அடிப்படை. உட்கருச் சவ்விலுள்ள துளைகள் வழியே சுமார் 40 கிலோடால்டனுக்குக் குறைந்த புரதங்கள் தாமாகவே போய்வரும். பெரியவற்றை இம்போர்ட்டின் புரதங்கள் உள்ளே கொண்டுபோக வேண்டும். அதற்கு லைசின், ஆர்ஜினின் என்ற அமினோ அமிலங்கள் செறிந்த ஒரு நுழைவுத் தொடர் தேவை. எஸ்வி40 வைரஸின் பெரிய டி ஆன்டிஜென் என்ற புரதத்தில் இந்தத் தொடர் வெறும் ஏழு அமினோ அமிலங்கள்: ஒரு புரோலின், மூன்று லைசின், ஒரு ஆர்ஜினின், ஒரு லைசின், ஒரு வாலின். வெளியே வருவதற்கு லூசின் செறிந்த வேறொரு தொடர் உண்டு. அதைப் பிடித்து வெளியே தள்ளுவது சிஆர்எம்1 என்ற புரதம். ரான் என்ற சிறு புரதம் உட்கருவுக்குள் குவனோசின் டிரைபாஸ்பேட்டையும் வெளியே டைபாஸ்பேட்டையும் பிடித்திருப்பதால் இந்தப் போக்குவரத்துக்குத் திசை கிடைக்கிறது.

ஆகவே நுண்ணோக்கியில் நீங்கள் பார்ப்பது மேலே குழாயும் அடியில் ஓட்டையும் உள்ள தொட்டியின் நீர்மட்டத்தைப் போன்றது. உட்கருவில் புரதம் குறைவு என்றால் உள்ளே போகாமலும் இருக்கலாம், போனது உடனுக்குடன் வெளியேறவும் செய்யலாம். இரண்டையும் பிரித்துக்காட்ட லெப்டோமைசின் பி என்ற வேதிப்பொருள் பயன்படும். அது சிஆர்எம்1-இன் 528ஆம் இடத்திலுள்ள சிஸ்டீன் அமினோ அமிலத்தில் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டு வெளியேற்றத்தை நிறுத்திவிடும். 10 முதல் 20 நானோமோலார் வரை, ஒன்றிரண்டு மணி நேரம் போதும். அதற்குள் புரதம் உட்கருவில் குவிந்தால், அது இவ்வளவு நாளும் போய்வந்துகொண்டிருந்தது என்று பொருள். இரவு முழுக்க வைத்தால் செல்கள் சாகத் தொடங்கும்; அப்போது வரும் படத்தை நம்ப முடியாது.

பீட்டா-கேட்டினின்

நலத்துக்கும் நோய்க்கும் உள்ள இட வேறுபாட்டை இவ்வளவு தெளிவாகக் காட்டும் புரதம் வேறில்லை என்பது என் கருத்து. நலமான குடல் மேற்படலச் செல்லில் பீட்டா-கேட்டினினின் பெரும்பகுதி பக்கச் சவ்வில், செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் ஈ-கேட்ஹெரினோடு கட்டுண்டிருக்கும். ஆன்டிபாடியால் ஸ்டெயின் செய்தால் (நிறமேற்றினால்; விழும் நிறமே கறை) செல்களின் ஓரத்தில் மெல்லிய கோடுகளாகத் தெரியும். சவ்வில் இடமில்லாமல் சைட்டோபிளாசத்தில் மிதப்பதை ஏபிசி, ஆக்சின், சிகே1, ஜிஎஸ்கே3 அடங்கிய கூட்டமைப்பு பிடித்துவிடும். சிகே1 முதலில் 45ஆம் செரினில் பாஸ்பேட் ஏற்றும். அதன் பிறகுதான் ஜிஎஸ்கே3 முறையே 41ஆம் திரியோனின், 37ஆம் செரின், 33ஆம் செரின் என்று ஏற்றிக்கொண்டே போகும். கடைசி இரண்டு பாஸ்பேட்டும் சேர்ந்ததை பீட்டா-டிஆர்சிபி அடையாளம் கண்டு அழிப்புக்கான அடையாளமான யூபிக்விட்டினை ஒட்டும், செல்லின் புரத அழிப்பு இயந்திரமான புரோட்டியசோம் அழித்துவிடும்.

பெருங்குடல் புற்றுநோயில் பெரும்பாலும் ஏபிசி மரபணு பழுதாகியிருக்கும். அழிப்பு நின்றுவிட, மிதக்கும் பீட்டா-கேட்டினின் சேர்ந்து உட்கருவுக்குள் போய் டிசிஎஃப் புரதங்களோடு இணைந்து மிக், சைக்ளின் டி1 போன்ற மரபணுக்களை முடுக்கும். சவ்விலுள்ள கோடு அப்படியே இருக்கவும் கூடும். அதனால்தான் மொத்த அளவு பெரிதாக மாறாததுபோலத் தோன்றுகிறது: சவ்வில் ஏற்கெனவே இருக்கும் பெரிய கையிருப்பு, உட்கருவில் சேர்ந்த சிறிய அளவை மறைத்துவிடுகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரே கட்டியில், ஒரே ஏபிசி சடுதிமாற்றம் இருந்தும், சுற்றியுள்ள திசுவுக்குள் ஊடுருவும் விளிம்பில் உள்ள செல்களில் உட்கருக் கறை அழுத்தமாகவும் கட்டியின் நடுவே சவ்விலும் சைட்டோபிளாசத்திலுமாகவும் இருப்பதுண்டு. மரபணு மட்டும் இடத்தைத் தீர்மானிப்பதில்லை, சூழலும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. நடுவிலிருந்து மட்டும் துண்டெடுத்துப் பார்த்தவர் 'உட்கருவில் இல்லை' என்று எழுதிவிடுவார். மறுபக்கம், நலமான குடலிலும் குழிகளின் அடியில் உட்கரு பீட்டா-கேட்டினின் தெரியும். அங்கே பீட்டா-கேட்டினினை அழியாமல் காக்கும் வின்ட் சமிக்ஞை இயல்பாகவே ஓடுகிறது. 'உட்கருவில் இருக்கிறது, எனவே நோய்' என்பது அவசரத் தீர்ப்பு.

நோய்க்கூறியல் மருத்துவர்கள் இந்த இடமாற்றத்தைத் தினசரி பயன்படுத்துகிறார்கள். டெஸ்மாய்டு என்ற இணைப்புத் திசுக் கட்டியில் உட்கரு பீட்டா-கேட்டினின் ஒரு முக்கியச் சான்று. அங்கே பழுது பெரும்பாலும் பீட்டா-கேட்டினினிலேயே, அதுவும் மேலே சொன்ன அதே 41ஆம், 45ஆம் இடங்களில். பாஸ்பேட் ஏற இடமில்லை, எனவே அழிப்பில்லை. ஆனால் சில டெஸ்மாய்டுகளில் கறை வருவதில்லை. கறை இல்லாததை மட்டும் வைத்து விலக்கிவிடக் கூடாது. கணையத்தின் திண்ம-போலிப்பாப்பில்லரி கட்டியிலும் உட்கருக் கறையே அடையாளம். மார்பகத்தில் லோபுலர் (பால் மடல்) வகைப் புற்றுநோயில் ஈ-கேட்ஹெரின் காணாமல் போவதால் அதன் துணைப் புரதமான பி120 கேட்டினின் சவ்விலிருந்து கழன்று சைட்டோபிளாசம் முழுக்கப் பரவும். டக்டல் (பால் நாள) வகையில் அது சவ்விலேயே கோடாக நிற்கும். ஒரே ஆன்டிபாடிதான், பார்ப்பது கறை இருக்கிறதா என்பதை அல்ல, எங்கே இருக்கிறது என்பதை.

என்எஃப்-கப்பா-பி: எந்த நிமிடத்தில் பார்த்தீர்கள்?

என்எஃப்-கப்பா-பி அழற்சி மரபணுக்களை முடுக்கும் புரதம். ஓய்விலுள்ள செல்லில் இதன் பி65, பி50 இணையை ஐகப்பாபி-ஆல்ஃபா என்ற தடுப்புப் புரதம் சைட்டோபிளாசத்தில் பிடித்து வைத்திருக்கும். டிஎன்எஃப் என்ற அழற்சிச் சமிக்ஞையைக் கொடுத்தால் ஐகேகே நொதி ஐகப்பாபியின் 32, 36ஆம் செரின்களில் பாஸ்பேட் ஏற்றும். பத்துப் பதினைந்து நிமிடங்களில் ஐகப்பாபி பெரும்பாலும் அழிந்துவிடும். ஏறத்தாழ அரை மணியில் பி65 உட்கருவில் நிறைந்திருக்கும். அங்கே அது முடுக்கும் மரபணுக்களில் ஒன்று ஐகப்பாபி-ஆல்ஃபாவே. புதிதாக உருவான ஐகப்பாபி உட்கருவுக்குள் போய் பி65-ஐப் பற்றி வெளியே இழுத்துவரும். தூண்டல் தொடர்ந்தால் மறுபடி உள்ளே போகும். சுமார் 100 நிமிடத்துக்கு ஒருமுறை இந்த அலைவு நடக்கிறது.

எனவே 30ஆம் நிமிடத்தில் நிலைநிறுத்திய (செல்களை ரசாயனத்தால் அப்படியே உறையவைத்த) தட்டும் 70ஆம் நிமிடத்தில் நிலைநிறுத்திய தட்டும் எதிரெதிரான முடிவைத் தரலாம், இரண்டும் சரியாகவே இருக்கும். ஒரு மி.லி.க்கு 10 நானோகிராம் டிஎன்எஃப் கொடுத்து 0, 5, 15, 30, 60, 120 நிமிடங்களில் பார்ப்பது குறைந்தபட்சம். முதல் அலைக்குப் பிறகு செல்கள் ஒன்றோடொன்று ஒத்திசைவதில்லை. சராசரி எடுத்தால் 'பாதி உட்கரு, பாதி வெளி' என்று யாருக்கும் பொருந்தாத விடை வரும். ஒவ்வொரு செல்லின் மதிப்பையும் பரவலாகக் காட்டுங்கள்.

நோயில் இந்த அலைவு கெடுகிறது. நிணநீர்ப் புற்றுநோயான பெரிய பி-செல் லிம்ஃபோமாவின் ஏபிசி வகையில் தூண்டல் எதுவும் இல்லாமலே பி65 உட்கருவில் நிற்கும். மேல்நிலைச் சமிக்ஞைப் புரதங்களின் சடுதிமாற்றங்கள் ஐகேகேயை அணையவிடாமல் வைத்திருப்பதே காரணம். இந்த ஏபிசி குடல் புற்றுநோயின் ஏபிசி மரபணு அல்ல. பெயர்க் குழப்பம் இந்தத் துறையின் சாபம்.

வெளியேற்றத் தொடர் தவறிப் பிறக்கும்போது

என்பிஎம்1 என்ற நியூக்ளியோஃபாஸ்மின் கறாராகச் சொன்னால் சமிக்ஞைப் புரதமில்லை. ஆனால் இடம் மாறுவதே நோயாவதற்கு இதைவிடச் சுத்தமான எடுத்துக்காட்டு கிடைக்காது. இயல்பில் அது உட்கருவுக்குள் உள்ள நியூக்ளியோலசில் இருக்கும். பெரியவர்களின் கடுமையான மைலாய்டு லுக்கீமியாவில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அதன் மரபணுவின் 12ஆம் எக்ஸானில் பெரும்பாலும் நான்கு எழுத்துகள் நுழைந்திருக்கும். வாசிப்புச் சட்டகம் நகர்ந்து, புரதத்தின் சி-முனையில் நியூக்ளியோலசோடு பிடிப்பைத் தந்த டிரிப்டோஃபான்கள் போய், அதே இடத்தில் லூசின் செறிந்த வெளியேற்றத் தொடர் ஒன்று உருவாகிவிடும். சிஆர்எம்1 அதைத் தயங்காமல் வெளியே தள்ளுகிறது. மாறிய புரதம் இயல்பான இணையையும், கட்டியை அடக்கும் பி53 பாதையைக் காக்கும் ஏஆர்எஃப் புரதத்தையும் கூடவே இழுத்துப் போகிறது. 2005இல் இது தெரியவந்ததே எலும்பு மஜ்ஜை வெட்டுகளில் கறை தவறான இடத்தில் விழுந்ததைக் கவனித்ததால்தான்.

ஃபாக்ஸோ3-இன் கதை இதன் மறுபக்கம். அதன் தொடரில் பிழையில்லை. ஏகேடி நொதியை அடக்கிவைக்கும் பிடென் மரபணு போனதால் அந்த நொதி ஓயாமல் 32ஆம் திரியோனின், 253, 315ஆம் செரின்களில் பாஸ்பேட் ஏற்றுகிறது. 14-3-3 புரதம் ஒட்டிக்கொண்டு சைட்டோபிளாசத்தில் நிறுத்திவைக்கிறது. செல்லைத் தற்கொலைக்கு அனுப்பக்கூடிய புரதம் இருந்தும் பயனில்லை. சிஆர்எம்1-ஐத் தடுத்து இப்படிப்பட்டவற்றை உட்கருவுக்குள் அடைத்து வைக்கலாம் என்ற எண்ணத்தில் பிறந்ததுதான் செலினெக்சார். 2019இல் மல்டிபிள் மைலோமாவுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

சவ்விலும் அதற்குள்ளேயும்

உட்கருவை மட்டும் பேசினால் படம் பாதியோடு நின்றுவிடும். செல் பெருக்கச் சமிக்ஞையைக் கடத்தும் கே-ராஸ் புரதம் செல் சவ்வின் உட்புறத்தில் ஒட்டியிருந்தால்தான் வேலை செய்யும். அதன் கடைசி நான்கு அமினோ அமிலங்களில் உள்ள சிஸ்டீனில் ஃபார்னசில் கொழுப்புச் சங்கிலி ஏற வேண்டும். அதைத் தடுக்கும் மருந்துகள் கே-ராஸ் புற்றுநோயில் தோற்றன. அந்த வழியை அடைத்தால் கே-ராஸும் என்-ராஸும் ஜெரானில்ஜெரானில் என்ற வேறு சங்கிலியை ஏற்றிக்கொண்டு சவ்வுக்கே திரும்பிவிடுகின்றன. ஆய்வகத்தில் பலர் செய்யும் தவறும் இங்கேயே: ராஸின் சி-முனையில் ஜிஎஃப்பி ஒளிர்புரதத்தைத் தைத்துவிட்டு, அது சைட்டோபிளாசத்தில் மிதக்கிறது என்று அறிவிப்பது. சி-முனையை மூடிவிட்டால் கொழுப்பு எங்கே ஏறும்? ராஸுக்கு ஒளிர்புரதம் என்-முனையில்தான் வர வேண்டும். சவ்வு ஏற்பிகளுக்கு நேர்மாறு. அவற்றில் பலவற்றின் என்-முனையில் சிக்னல் பெப்டைடு இருக்கும்.

இஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியைப் பிடிக்கும் இஜிஎஃப்ஆர் ஏற்பியில், கொடுக்கும் அளவு முக்கியம். ஒரு மி.லி.க்கு 1 அல்லது 2 நானோகிராம் இஜிஎஃப் கொடுத்தால் ஏற்பி கிளாத்ரின் புரதக் கூடு வழியாக மட்டும் உள்ளே போய்ப் பெரும்பாலும் மேற்பரப்புக்குத் திரும்பும். 100 நானோகிராம் கொடுத்தால் வேறு வழியும் திறந்து, கணிசமான பகுதி லைசோசோமில் அழியும். உடலில் பெரும்பாலான இடங்களில் இருப்பது குறைந்த அளவே. கட்டுரைகளில் அதிகம் பார்ப்பது 100. முதல் 5 முதல் 10 நிமிடங்களில் தெரியும் புள்ளிகள் தொடக்க எண்டோசோம்களா (உள்ளே எடுத்ததைச் சுமக்கும் பைகளா) என்று இஇஏ1 ஆன்டிபாடியால் பாருங்கள். அங்கே உட்கார்ந்தும் ஏற்பி சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருக்கும்.

ஏற்பி மேற்பரப்பை எட்டாமலே போவதும் நோய்தான். பிறவியிலேயே சிறுநீர் அளவுகடந்து போகும் ஒரு வகை நீரிழிவில் (சர்க்கரை நோய் அல்ல), வாசோபிரெசினின் வி2 ஏற்பி மடிப்பு பிசகி எண்டோபிளாச வலைப்பின்னலிலேயே சிக்கிவிடுகிறது.

எப்படிப் பார்ப்பது, எங்கே ஏமாறுவோம்

செல்களை 0.17 மி.மீ. கனமுள்ள கண்ணாடித் துண்டில் வளர்த்து, 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் அறை வெப்பத்தில் 10 முதல் 15 நிமிடம் நிலைநிறுத்தி, 0.1 அல்லது 0.2 சதவீத டிரைட்டான் என்ற சவர்க்காரப் பொருளில் 10 நிமிடம் சவ்வைத் திறந்து, சீரத்தாலோ அல்புமினாலோ ஒரு மணி நேரம் தடுத்து, முதல் ஆன்டிபாடியில் 4 டிகிரியில் இரவு முழுக்க வைப்பது பொதுவான முறை. சவ்வைத் திறக்கும் படியில்தான் அதிகம் ஏமாறுவோம். டிஜிடோனின் என்ற வேறொரு பொருள் குறைந்த அளவில் செல் சவ்வை மட்டும் திறக்கும். உட்கருச் சவ்வு மூடியே இருக்கும். ஆன்டிபாடி உள்ளே போகவில்லை, நீங்களோ 'உட்கருவில் புரதமில்லை' என்று எழுதுகிறீர்கள். லேமின் போன்ற உட்கருப் புரதத்தை அதே தட்டில் கூடவே ஸ்டெயின் செய்தால் இது பிடிபடும். மைனஸ் 20 டிகிரி மெத்தனால் கொழுப்பைக் கரைத்துவிடுவதால் சவ்வுப் புரதமும் மிதக்கும் சிறு புரதங்களும் நழுவிப் போகும். பாராஃபார்மால்டிஹைடும் அப்பழுக்கற்றதில்லை. உயிருள்ள செல்லில் பிரியும் நிலைக் குரோமோசோமில் ஒட்டியிருக்கும் சில மரபணுக் கட்டுப்பாட்டுப் புரதங்கள், நிலைநிறுத்தியதும் அங்கே இல்லாததுபோலக் காட்டும்.

செல் அடர்த்தியைப் பலர் கண்டுகொள்வதில்லை. யாப் என்ற புரதம் செல்கள் விரவலாக இருக்கும்போது உட்கருவில் இருக்கும். நெருங்கிவிட்டால் லாட்ஸ் நொதி 127ஆம் செரினில் பாஸ்பேட் ஏற்றி வெளியே நிறுத்திவிடும். கட்டுப்பாட்டுத் தட்டு நெருக்கமாகவும் மருந்து கொடுத்த தட்டு செல்கள் இறந்து விரவலாகவும் இருந்தால், மருந்து யாப்பை உட்கருவுக்கு அனுப்பியதாகத் தோன்றும். அனுப்பியது காலி இடம். குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பிக்கும் இதேபோல் ஒரு பொறி உண்டு: சாதாரண சீரத்தில் கார்ட்டிசால் இருப்பதால் ஏற்பி முன்கூட்டியே உட்கருவில் இருக்கும். கரியால் வடிகட்டிய சீரம் போட்டால்தான் 100 நானோமோலார் டெக்சாமெத்தசோன் கொடுத்து இடமாற்றத்தைப் பார்க்க முடியும். இஆர்கே என்ற வளர்ச்சிச் சமிக்ஞை நொதியைப் பார்ப்பவர்கள் ஊடகத்தை மாற்றுவதற்கே பயப்பட வேண்டும். புதுச் சீரம் பட்ட ஐந்தே நிமிடத்தில் அது தூண்டப்பட்டுவிடும்.

ஆன்டிபாடியை அந்த மரபணுவை நீக்கிய செல்லில் சோதியுங்கள். அங்கேயும் கறை வந்தால் அதுவரை எடுத்த படமெல்லாம் வேறெதையோ காட்டுகிறது. அளக்கும்போது உட்கருவுக்கும் அதைச் சுற்றிய வளையத்துக்கும் உள்ள ஒளி விகிதத்தை எடுங்கள், கான்ஃபோக்கல் (ஒரே தளத்தின் ஒளியை மட்டும் எடுக்கும் நுண்ணோக்கி) படத்தில். சாதாரண ஒளிர்வு நுண்ணோக்கியில் உட்கருவுக்கு மேலும் கீழும் உள்ள சைட்டோபிளாசத்தின் ஒளி சேர்ந்து எதையும் உட்கருவில் இருப்பதாகக் காட்டிவிடும். ஒளி நுண்ணோக்கியின் பிரிதிறன் 200 நானோமீட்டருக்கு மேல். சவ்வில் இருக்கிறதா, சவ்வை ஒட்டியிருக்கிறதா என்று அது சொல்லாது. இரண்டு நிறங்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுவது இரண்டு புரதங்கள் இணைந்திருப்பதற்குச் சான்றும் இல்லை.

படத்தை மட்டும் நம்பாமல் செல் பகுதிகளைப் பிரித்தும் பாருங்கள். 10 மில்லிமோலார் ஹெப்பெஸ், 10 பொட்டாசியம் குளோரைடு, 1.5 மெக்னீசியம் குளோரைடு கொண்ட நீர்த்த கரைசலில் பனிக்கட்டியின் மேல் 10 முதல் 15 நிமிடம் செல்களை ஊதவைத்து, குறைந்த அளவு என்பி-40 சேர்த்து, 4 டிகிரியில் மெதுவாகச் சுழற்றினால் உட்கருக்கள் அடியில் படியும். 420 மில்லிமோலார் உப்பில் அவற்றிலிருந்து புரதத்தை எடுக்கலாம். உட்கருவுக்கு லேமின் அல்லது ஹிஸ்டோன் எச்3, சைட்டோசாலுக்கு டியூபுலின் என்று பலரும் போடுகிறார்கள், எண்டோபிளாச வலைப்பின்னலின் புரதமான கால்னெக்சினை விட்டுவிடுகிறார்கள். எண்டோபிளாச வலைப்பின்னல் உட்கருச் சவ்வோடு தொடர்ச்சியானது, படிவில் கூடவே வரும். கால்னெக்சின் பட்டை தெரிந்தால் அது சுத்தமான உட்கருப் பகுதி இல்லை. இரு பகுதிகளிலும் சம மைக்ரோகிராம் ஏற்றாதீர்கள். சம எண்ணிக்கைச் செல்களுக்குரிய அளவை ஏற்றுங்கள். உட்கருவில் மொத்தப் புரதம் குறைவு என்பதால் சம எடை ஏற்றினால் அங்கிருப்பது செயற்கையாகப் பெருகும்.

தயாராக உள்ள தரவுகளைத் தேடுபவர்களுக்கு ஸ்வீடனின் மனிதப் புரத அட்லஸ் நல்ல தொடக்கம். அதன் 2017ஆம் ஆண்டு செல் வரைபடத்தில் 12,003 புரதங்கள் 30 அமைப்புகளில் இடம் குறிக்கப்பட்டன. ஏறத்தாழ பாதி, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில். ஆனால் அந்தப் படங்களில் பெரும்பாலானவை யு-2 ஓஎஸ், ஏ-431 போன்ற புற்றுநோய்ச் செல் வரிசைகளில் எடுத்தவை. 'நலமான செல்லில் இங்கே இருக்கும்' என்பதற்கு அதை ஆதாரமாகக் காட்டினால் நீங்கள் நோயுற்ற செல்லையே இரண்டு பக்கமும் வைத்து ஒப்பிடுகிறீர்கள். நலமான ஒப்பீட்டுக்குத் திசு வேண்டும், முடிந்தால் அதே நோயாளியின் பக்கத்துத் திசு.

திசுவில் வேறு கவலை. வெட்டியெடுத்து ஒரு மணி நேரத்துக்குள் 10 சதவீத நடுநிலை ஃபார்மலினில் போட்டு 6 முதல் 72 மணி நேரம் வைப்பது மார்பகக் கட்டியில் ஹெர்2 என்ற சவ்வு ஏற்பியைச் சோதிப்பதற்கான விதி; மற்றவற்றுக்கும் அதைக் கடைப்பிடிப்பது நல்லது. ஃபார்மலின் மெதுவாக ஊடுருவுவதால் பெரிய துண்டின் நடுவில் பாஸ்பேட் ஏறிய வடிவங்கள் அதற்குள் மறைந்துவிடும். ஓரத்தில் மட்டும் பாஸ்பேட் இஆர்கே கறை வந்தால் பெரும்பாலும் உயிரியல் அல்ல, ஃபார்மலின் எட்டிய தூரம். ஹெர்2-வில் சவ்வுக் கறையை மட்டுமே எண்ண வேண்டும். சைட்டோபிளாசம் எவ்வளவு பழுப்பாக இருந்தாலும் மதிப்பெண் இல்லை. பீட்டா-கேட்டினினுக்கு, 'உட்கருவில் இல்லை' என்று எழுதும் முன் அதே வெட்டில் உள்ள இயல்பான மேற்படலச் செல்களின் பக்கச் சவ்வில் கோடு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் ஸ்டெயின் வேலை செய்யவில்லை. ஃபார்மலின் மறைத்த இடங்களை ஆன்டிபாடிக்குத் திறந்துதரும் ஆன்டிஜென் மீட்புக் கரைசலின் பிஎச் அளவைச் சரிபார்த்து மறுபடி ஸ்டெயின் செய்ய வேண்டியதுதான்.